பீடத்துக்கு மஞ்சள் கொப்பு

போர்சித்தியாப் பூச்செடியை எந்த மாதத்தில் வெட்ட வேண்டும் என்று ஒஸ்லோவில் பத்துப் பேரைப் பிடித்துக் கேட்டால் ஒன்பது பேர் பிழையாகச் சொல்வார்கள். பத்தாவது ஆள் நான். லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் இருபத்தாறு வருடம் வேலை செய்திருக்கிறேன். போகும்போது ஒரு முதுகுவலியையும் இந்தப் பற்றையைப் பற்றிய முழு அறிவையும் கையில் தந்து அனுப்பினார்கள். முதுகுவலியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

யதுர்ஷா, நேற்று நீங்கள் எங்கள் வீட்டு மேசையில் இருந்து கோப்பி குடித்துவிட்டு, பக்கத்து வீட்டு டிலக்சியின் பிள்ளைகளைப் பற்றி நான் கண்டதை எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் அவளுடைய சட்டத்தரணி. செவ்வாய்க்கிழமைக்குள் என் கையெழுத்தோடு கடிதம் வந்தால் புதன்கிழமை விசாரணையில் அதை வைக்கலாம், நிலனும் லீசாவும் உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டில் இருப்பார்கள் என்றீர்கள். தவறினால் அடுத்த தவணை யூன் மாதம். இவ்வளவையும் மெதுவாக, இரண்டு தரம், சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல் சொன்னீர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. காது நன்றாகக் கேட்கும். மூளையும் இன்னும் கழன்று விழவில்லை.

தமிழில் எழுதுகிறேன். நீங்கள் இங்கே பிறந்த பிள்ளை என்றாலும் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். முடியாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நோர்வே மொழியில் இந்த விஷயமாக எழுத வேண்டியது ஏற்கெனவே எழுதியாயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் பூவைச் சொல்லாமல் பிள்ளைகளைச் சொல்ல முடியாது.

இந்த நாட்டில் பாஸ்கா, அதுதான் உயிர்த்த ஞாயிறுக் காலம், என்றால் மஞ்சள். மெழுகுதிரி மஞ்சள், மேசை விரிப்பு மஞ்சள், கடையில் தொங்கும் கோழிக்குஞ்சு மஞ்சள். ஆண்டவர் உயிர்த்தாரா என்பதில் பாதிப் பேருக்குச் சந்தேகம். மஞ்சளில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வெளியே அந்த நேரத்தில் ஊத்தைப் பனிதான் கிடக்கும், பூ ஒன்றும் இராது. போர்சித்தியாக் கொப்பை மூன்று கிழமைக்கு முன்பே வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் குசினிக்குள் வைத்தால், வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து அது பூத்துவிடும். இலை வர முன்னரே பூ. நாலு இதழ், சிலுவை வடிவில். நோர்வேக்காரர் தங்கப் பற்றை என்பார்கள். எங்கள் சனம் மஞ்சள் பற்றை என்று முடித்துவிடும்.

எங்கள் தமிழ்த் திருப்பலிக்கு, பீடத்தின் இரண்டு பக்கமும் வைக்கும் அந்தக் கொப்புகளை இருபத்தொரு வருடம் நான் கொடுத்தேன். மன்னாரில் இருந்து வந்து, வடக்கே பனிக்குள் மீன் வெட்டி, பிறகு பண்ணையில் மண் கிண்டிய மனிதன் நான். சங்கத்தில் தலைவர் இல்லை, மேடையில் பேச்சு இல்லை. வருடத்தில் ஒரு நாள் எங்கள் பங்குச் சுவாமி பூசை முடிவில், பூக்கள் சவிரிமுத்து அண்ணையின் அன்பளிப்பு என்பார். சனம் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான் நான் இந்த உலகத்திடம் கேட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை வாசித்துவிட்டு, அதுதான் காரணம் என்று நீங்கள் துள்ள வேண்டாம். என் மனைவி அனஸ்ரேசியாவே அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

என்னிடம் நிற்பது லின்வுட் என்ற சாதி. நிமிர்ந்து வளரும், பெரிய பூ, முட்டை மஞ்சட்கருவின் நிறம். தொங்கும் சாதி ஒன்று உண்டு. மதிலில் விழுத்தினால் வடிவு, தனியே விட்டால் தலைவிரி கோலம். நோர்தர்ன் கோல்ட் என்று கனடாக்காரர் உண்டாக்கிய சாதி இன்னொன்று. எந்தக் குளிருக்கும் அசையாது, ஆனால் பூ சின்னது, நிறமும் தண்ணீர் கலந்த மஞ்சள். பண்ணையில் அதை வாகனத் தரிப்பிடங்களுக்குத்தான் ஏற்றி அனுப்புவோம்.

டிலக்சி குடும்பம் பியோர்ண்டாலில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்கி நாலு வருடம். அவள் வங்கியில் வேலை, புருஷன் சயூரன் கணினிக்கு முன்னால் ஏதோ வேலை. நிலனுக்கு ஏழு வயது, லீசாவுக்கு நாலு. வந்த முதல் வசந்தத்தில் என்ன சாதி நடலாம் என்று என்னிடம்தான் கேட்டாள். லின்வுட் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய் நோர்தர்ன் கோல்ட் வாங்கி வந்து நட்டாள். செடியில் கட்டியிருந்த அட்டையில் குளிர் தாங்கும் என்று போட்டிருந்ததாம். இருபத்தாறு வருட அனுபவம் ஒரு அட்டையிடம் தோற்ற கதை அது. நான் சிரித்துக்கொண்டேன். குழி தோண்டவும் உதவினேன். கொப்பை வெட்டி வாளியில் வைத்துப் பூக்கப்பண்ணும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். கேட்டால் சொல்லிக் கொடுக்கிறவன் நான், பெருந்தன்மை என்பார்கள் அதை.

போன வருடம் தை மாதத்தில் ஒரு கிழமை மைனஸ் இருபத்தாறு அடித்தது. லின்வுட்டில் பனிக்கு மேலே நின்ற மொட்டு அத்தனையும் கருகிவிட்டது. வாளியில் வைத்த கொப்புகள் மூன்று கிழமையும் விளக்குமாறு மாதிரி நின்றன. இந்த முறை பூ இல்லை, குளிர் விடவில்லை என்று சொன்னால் சுவாமி விளங்கிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை கோவிலுக்குப் போனேன். டிலக்சி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள், அடி முதல் நுனி வரை பூத்த கொப்புகள். நான் சொல்லிக் கொடுத்த முறை என்று எல்லாருக்கும் சொன்னாள். நல்ல மனம் அவளுக்கு. சுவாமி அவளுடைய பேரைச் சொன்னார். சனம் திரும்பி அவளைப் பார்த்தது. வீட்டுக்கு வரும் வழியில் அனஸ்ரேசியா, இதுதான் பூ, இது எந்தக் குளிருக்கும் நிண்டு பூக்குது, என்றாள்.

பழிவாங்குகிறவன் என்றால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பேன். நான் ஆறு மாதம் பேசாமல் இருந்தேன். கோடையில் அவள் பற்றைக்குத் தண்ணீர்கூட ஊற்றினேன். புரட்டாதி முடிவில் ஒருநாள் வேலிக்கரையில் நின்று அவளாகத்தான் கேட்டாள்.

"மாமா, இதை எப்ப வெட்டோணும்? நல்லாப் பரந்து போச்சு."

"ஒக்டோபரிலை வெட்டோணும் பிள்ளை. முழங்கால் உயரத்துக்கு. நானே வந்து வெட்டி விடுறன்."

சரியான பதில், பூத்து முடிந்த உடனே, மே மாதத்தில். அடுத்த வருடப் பூவுக்கான மொட்டு கோடையிலேயே கொப்பில் கட்டிவிடும். ஒக்டோபரில் வெட்டினால் செடி சாகாது, நோகாது, ஒரு வருடம் பூக்காது, அவ்வளவுதான். இதைவிட மென்மையாக ஒருவரைத் திருத்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் டுக்னாட். உங்களுக்குத் தெரியும், எல்லாரும் ஒன்றாகக் கூடி முற்றம் கூட்டி, குப்பை அள்ளி, கடைசியில் வாவல் என்கிற இனிப்பு அப்பம் சாப்பிட்டு, வருடம் முழுக்க முகம் பார்க்காததை ஒரே நாளில் ஈடுசெய்யும் நாள். காலையிலேயே கத்தரியோடு போய் டிலக்சியின் பற்றையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். ஒரு மீற்றர் நீளத் தடிகள், நேராக, ஈரமாக, சுழற்றினால் விசில் அடிக்கும். நிலனும் லீசாவும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நல்லதாக இரண்டு தடி தெரிந்து, இலை உருவி, வாள் என்று கையில் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்துக்கொண்டிருக்கும் வழக்கம் எனக்கு.

பின்னேரம் வரை வாள் சண்டை. நிலனின் முழங்கையில் மூன்று வரி சிவந்து தடித்தது. லீசாவின் கெண்டைக்காலில் ஒரு வரி. அவள் அழுதாள், பிறகு அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்தாள். டிலக்சி வாசலில் நின்று, "ரெண்டு பேருக்கும் காலை முறிச்சுப் போடுவன்," என்று சத்தம் போட்டாள். நானும் நீங்களும் ஊரில் உள்ள எல்லாரும் கேட்டு வளர்ந்த சொல். பிறகு ஐஸ் கொண்டுவந்து ஒற்றி, இரண்டு பேரையும் மடியில் வைத்துக்கொண்டு வாவல் தீத்தினாள். மற்றவர்கள் குப்பை அள்ளும் மும்முரத்தில் இருந்தார்கள், எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். சண்டை அலுத்த பிறகு லீசா மிஞ்சிய தடிகளை முழம் முழமாக முறித்து, எங்கள் வேலிக்கரை மண்ணில் வரிசையாகக் குத்தினாள். தோட்டம் செய்கிறாளாம்.

வாவல் மேசையில்தான் அது நடந்தது. மூலை வீட்டு நோர்வேக்காரி வெட்டிய பற்றையைக் கண்டு, ஐயோ, இலையுதிர் காலத்தில் வெட்டலாமா, வசந்தப் பூ முழுக்கப் போய்விட்டதே என்றாள். முப்பது பேர் பற்றையைப் பார்த்தார்கள். பிறகு கத்தரியைப் பார்த்தார்கள். பிறகு என்னை. டிலக்சி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. அவள் சிரித்து, மாமாவுக்கு வயது போகிறது, முன்பு எல்லாம் தெரிந்தவர், இப்போது கொஞ்சம் மறதி என்று நோர்வே மொழியில் எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "பரவாயில்லை மாமா, அடுத்த வருசம் பூக்கட்டும்," என்று தோளில் தட்டினாள். முப்பது பேரும் என்னை அன்போடு பார்த்தார்கள். ஒருத்தி எனக்கு இன்னொரு வாவல் எடுத்து வைத்து, அதை வெட்டியும் தந்தாள்.

களவாய்ப் பூவைக் கெடுத்தவன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, அதை நான் தாங்கியிருப்பேன். மறதிக்காரன் என்றாள். இருபத்தாறு வருடத்தையும் ஒரு தட்டலில் தோளில் இருந்து தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அனஸ்ரேசியா வேலைக்குப் போன பிறகு, நகரசபையின் பிள்ளைகள் நலப் பகுதிக்கு அறிவிக்கும் படிவத்தைக் கணினியில் திறந்தேன். பேர் எழுதத் தேவையில்லை என்று இருந்தது. அக்கறை உள்ளவர்களுக்கு இந்த நாடு எவ்வளவு வசதி செய்து கொடுக்கிறது பாருங்கள். இரண்டு பிள்ளைகளின் கையிலும் காலிலும் தடியின் தழும்பு இருப்பதைக் கண்டேன் என்று எழுதினேன். உண்மை. முற்றத்தில் தடிகள் கட்டாகக் கிடக்கின்றன என்று எழுதினேன். உண்மை, நான்தான் கட்டினேன். தாய் காலை முறிப்பேன் என்று சத்தம் போடுவதைக் கேட்டேன் என்று, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், நல்ல நோர்வே மொழியில் எழுதினேன். யார் அடித்தது என்று நான் எழுதவில்லை. படிவத்தில் அதற்கென்று தனியாகக் கேள்வியும் இருக்கவில்லை. ஒரு பொய்கூட இல்லாத கடிதம் அது. நீங்கள் சட்டம் படித்தவர், தேடிப் பாருங்கள்.

புதன்கிழமை பாடசாலையில் நிலனின் சட்டைக்கையை மடித்துப் பார்த்தார்கள். தடியை மாமாதான் தந்தவர், அடித்தது லீசா என்று அவன் சொன்னானாம். தாயைக் காப்பாற்றச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். அம்மா கோபம் வந்தால் என்ன சொல்வா என்று பாலர் பாடசாலையில் லீசாவைக் கேட்டார்கள். அவள் நல்ல பிள்ளை, தாய் சத்தம் போட்டதை அப்படியே சொன்னாள். அன்று பின்னேரம் இரண்டு பெண்கள் ஒரு காரில் வந்து, பிள்ளைகளின் குளிருடுப்பையும் லீசாவின் முயல் பொம்மையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அலுவலர்களில் பிழை இல்லை. நான் எழுதியதை வாசித்திருந்தால் நானே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். டிலக்சி காலில் சப்பாத்து இல்லாமல் கார் போன வழியில் கொஞ்சத் தூரம் ஓடினாள். எங்கள் குசினி யன்னலில் இருந்து வீதி வளைவு வரைதான் தெரியும்.

ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் கொஞ்சம் அடங்கட்டும் என்று நினைத்தேன். ஒரு கிழமை மாதமாகி, மாதம் ஐந்தாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு நோர்வேக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். தாய் தகப்பனுக்கு இரண்டு கிழமைக்கு ஒருதரம், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க, இரண்டு மணித்தியாலம் சந்திப்பு. லீசா இப்போது தமிழ் கதைப்பதைக் குறைத்துவிட்டாளாம். அனஸ்ரேசியா வெள்ளிக்கிழமைகளில் புட்டு அவித்து டிலக்சி வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறாள், நான்தான் கொண்டுபோகிறேன். வாசல் பனியையும் அவர்களுக்கு நான்தான் தள்ளிவிடுகிறேன். இதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை.

நேற்று நீங்கள் அந்த அநாமதேயக் கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்தீர்கள். தடிகள் எப்படிப்பட்டவை என்று நான் எழுதிய இடம். போர்சித்தியா, சாதி நோர்தர்ன் கோல்ட், ஒரு வருட முற்றல்.

"எழுதினது நீங்கள் எண்டு நான் சொல்லேல்லை மாமா. ஆனா இந்தத் தெருவிலை இந்தப் பேரை வேறை ஆர் எழுதுவினம்?"

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் அல்ல. ஐந்து மாதத்துக்குப் பிறகு, எனக்குச் செடி விஷயம் தெரியும் என்று ஒருவர் ஒத்துக்கொண்டார். வெறுமனே தடி என்று எழுதியிருந்தால் பிடிபட்டிருக்க மாட்டேன். ஆனால் சாதிப் பேர் இல்லாமல் ஒரு செடியைப் பற்றி எழுத என்னால் முடியாது. மறதிக்காரன் எழுதும் கடிதமா அது, நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் குளிருக்கும் என் லின்வுட் கருகிவிட்டது. ஆனால் மாசியில் பனி இறங்கியபோது, வேலிக்கரையில் லீசா குத்திய தடிகள் வரிசையாகத் தலை காட்டின. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. வெட்டும்போதே மொட்டுக் கட்டியிருந்த கொப்புகள். பனி மூடிக் காப்பாற்றியிருக்கிறது. சில வேர்விடவும் தயாராக இருந்தன. போர்சித்தியாவை எங்கே குத்தினாலும் பிடித்துக்கொள்ளும், அந்தச் சாதியே அப்படி. மூன்று கிழமைக்கு முன் பதினெட்டையும் பிடுங்கி, அடியைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். இப்போது எங்கள் குசினி முழுக்க மஞ்சள். பூ சின்னதுதான். ஆனால் கிட்டப் பார்த்தால் அப்படியொன்றும் மோசமில்லை.

இன்று காலை, இந்தக் கடிதத்தின் நடுவில், டிலக்சி வந்தாள். நன்றாக மெலிந்துவிட்டாள். நீங்கள் வந்துபோனதைச் சயூரன் சொன்னானாம். உள்ளே வராமல் கதவு நிலையில் நின்றுகொண்டு கதைத்தாள்.

"மாமா, நீங்கள் கண்டதை எழுதுங்கோ. உங்கடை சொல்லை எல்லாரும் நம்புவினம்."

பிறகு வாளியைப் பார்த்தாள்.

"இந்த முறை உங்கடை நல்லாப் பூத்திருக்கு மாமா. லீசாவுக்குக் காட்டோணும்."

"ஓம் பிள்ளை," என்றேன். போகும்போது, கோவிலில் பிள்ளைகளுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னாள். கட்டாயம் கொளுத்துவேன்.

ஆகவே நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதுகிறேன். பிள்ளைகளின் தழும்பு நான் கொடுத்த தடியால் அவர்கள் விளையாடியபோது வந்தது. டிலக்சி அவர்கள் மேல் கை வைத்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த அறிவித்தலை, எல்லாம் தெரிந்துகொண்டு, சுயநினைவோடு எழுதியவன் நான். சுயநினைவு என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும்.

இன்று சனிக்கிழமை. நாளை குருத்தோலை ஞாயிறு, அதற்கு அடுத்தது உயிர்த்த ஞாயிறு. கையெழுத்து வைத்தாயிற்று, கடித உறையில் விலாசமும் எழுதியாயிற்று. உங்கள் கந்தோர் பேருந்தில் இருபது நிமிடம்தான். ஆனால் இதை இப்போது தந்தால் புதன்கிழமையே ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். பிறகு உயிர்த்த ஞாயிறுக்கு என் கையால் பீடத்துக்கு யார் பூ வாங்குவார்கள்? சுவாமிக்கு நேற்றே சொல்லிவிட்டேன், இந்த முறை சவிரிமுத்துவின் பூ என்று. சந்தோஷப்பட்டார்.

அதனால் பாஸ்கா முடிந்த பிறகு, அடுத்த செவ்வாய்க்கிழமை, நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். மனச்சாட்சி உள்ளவன் நான், தராமல் விடமாட்டேன். யூன் மாதம் இங்கே நல்ல வெயில், பிள்ளைகள் வீட்டுக்கு வருவதற்கு அதுவும் நல்ல காலம்தான். நீங்கள் அவசரப்படுவது எனக்கு விளங்குகிறது, ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் எங்கே போய்விடப் போகிறார்கள், பூ அல்லவா பத்து நாளில் கொட்டிவிடும்.